கேமரா நடந்த பாதையைப் படத்திலிருந்தே கண்டுபிடிப்பது எப்படி?

கேமராவைக் கையில் பிடித்தபடி ஒருவர் தெருவில் நடந்துகொண்டே படம் எடுத்திருக்கிறார். அந்தத் தெருவின் நடைபாதையில், கணினியில் செய்த ஒரு ரோபோவை நிறுத்த வேண்டும். வி.எஃப்.எக்ஸ். (படமெடுத்த காட்சியில் கணினி உருவங்களைச் சேர்க்கும் கலை) படிக்கத் தொடங்கும் மாணவர் சீக்கிரமே சந்திக்கும் பயிற்சி இது. ரோபோவின் உருவமும் அதன்மேல் விழும் வெளிச்சமும் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சரி, கேமரா அசையும்போது அதன் பாதம் தரையில் ஓரிரு பிக்சல் வழுக்கினால் போதும், பார்ப்பவர் கண்ணை உறுத்திவிடும்.

வழுக்காமல் இருக்க ஒரே வழி, கணினிக்குள் இருக்கும் கேமராவும் உண்மையான கேமரா அசைந்தபடியே அசைவதுதான். ஒவ்வொரு ஃபிரேமிலும், அதாவது காட்சியின் ஒவ்வொரு தனிப்படத்திலும், அது எங்கே இருந்தது என்பதற்கு 3 எண்கள், எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு 3 எண்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 10 நொடிக் காட்சிக்கு 1,440 எண்கள். படம் எடுத்தபோது இவற்றை யாரும் குறித்துவைக்கவில்லை. அத்தனையையும் படத்திலிருந்தே தோண்டி எடுக்கும் வேலைக்குத்தான் கேமரா டிராக்கிங் என்று பெயர்.

முதல் வேலை, படத்தில் சில புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு அவை ஃபிரேமுக்கு ஃபிரேம் எங்கே நகர்கின்றன என்று பின்தொடர்வது. புள்ளி என்று சொன்னாலும், கணினி பார்ப்பது சில பிக்சல் அகலமுள்ள ஒரு சிறு கட்டத்தை. அடுத்த ஃபிரேமில் அதே கட்டம் எங்கே பொருந்துகிறது என்று தேடும். கட்டத்துக்குள் ஒளி எந்தத் திசையில் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து நகர்வைக் கணக்கிடும் முறையை புரூஸ் லூக்காஸும் டக்கியோ கனடேயும் 1981இல் வெளியிட்டார்கள். புள்ளிகளைப் பின்தொடரும் இன்றைய மென்பொருள்களான டிராக்கர்கள் பலவற்றின் அடித்தளம் அதுதான்.

எல்லாக் கட்டமும் இதற்கு உதவாது. வெறும் வெள்ளைச் சுவரில் எடுத்த கட்டம் சுவரின் எந்த இடத்திலும் பொருந்திவிடும். கதவின் நீண்ட விளிம்பில் எடுத்தால், விளிம்பின் குறுக்கே நகர்வது தெரியும், விளிம்போடு மேலும் கீழும் சறுக்குவது தெரியாது. ஜன்னலின் மூலை அப்படியில்லை, இரண்டு திசையிலும் பிடி கிடைக்கும். ஜியான்போ ஷியும் கார்லோ டொமாசியும் 1994இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, நல்ல புள்ளி எது என்பதற்கு இதையே கணித வடிவில் சொன்னது.

சரி, தட்டையான திரையில் ஓடும் புள்ளிகளிலிருந்து ஆழம் எப்படிக் கிடைக்கிறது? ரயில் ஜன்னலில் பாருங்கள். தண்டவாளத்தை ஒட்டிய கம்பம் பாய்ந்து மறைகிறது, தூரத்து மலை நகர்ந்தும் நகராமலும் கூடவே வருகிறது. இந்த வேறுபாட்டுக்கு இடமாறு தோற்றம் என்று பெயர். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்பதில் அதன் தொலைவும் கேமராவின் நகர்வும் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. லென்ஸின் அளவுகள் தெரிந்தால், இரண்டு படங்களில் பொதுவாக உள்ள 5 புள்ளிகளை வைத்தே கேமராவின் நகர்வுக்கான விடைகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருக்கலாம் என்று எர்வின் குரூப்பா 1913இலேயே காட்டிவிட்டார். கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பு, தாளும் பேனாவும் கொண்டு! 1981இல் லாங்கே-ஹிக்கின்ஸ் 8 புள்ளிகளை வைத்து எளிதில் கணக்கிடும் வழியைத் தந்தார். இலவச மென்பொருளான பிளெண்டரில் 2011 முதல் கேமரா டிராக்கிங் இருக்கிறது. அதுவும் தேர்ந்தெடுத்த இரண்டு ஃபிரேம்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 8 புள்ளிகளைக் கேட்கும்.

பிறகு நூற்றுக்கணக்கான ஃபிரேம்களையும் ஒன்றாகச் சரிசெய்ய வேண்டும். கேமராவின் பாதையையும் புள்ளிகளின் இடத்தையும் மென்பொருள் தோராயமாக ஊகிக்கிறது. அந்த ஊகப்படி ஒவ்வொரு புள்ளியும் திரையில் எங்கே தெரிய வேண்டும், டிராக்கிங்கில் எங்கே பதிவானது என்று ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி குறையும்படி எல்லாவற்றையும் சேர்த்துத் திரும்பத் திரும்பத் திருத்துகிறது. மிஞ்சும் சராசரி இடைவெளியைத்தான் ‘சால்வ் எரர்’ என்று பிக்சலில் காட்டுகிறது.

மாணவர்களின் கண் இந்த எண்ணிலேயே ஒட்டிக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. 1 பிக்சலுக்குக் கீழே வந்தால் நல்லது, அரை பிக்சல் இன்னும் நல்லது என்பது உண்மைதான். ஆனால் அந்த எண் சொல்வது, புள்ளிகளும் கணக்கிட்ட கேமராவும் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டுமே. பிழை அதிகமுள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனால் எண் இறங்கத்தான் செய்யும். கடைசியில் ஒரே சுவரில் நெருக்கியடித்த சில புள்ளிகள் மிஞ்சும். எண் அழகாக இருக்கும், ரோபோ நிற்க வேண்டிய நடைபாதையைப் பற்றிச் சொல்ல ஒரு புள்ளியும் இருக்காது.

பொய் சொல்லும் புள்ளிகள் வேறு இருக்கின்றன. அருகிலுள்ள விளக்குக் கம்பம் தூரத்துக் கூரையின் கோட்டை வெட்டும் இடத்தில் கச்சிதமான மூலை ஒன்று தெரியும். டிராக்கர் அதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உலகில் அப்படியொரு மூலையே கிடையாது, கேமரா நகர நகர அதுவும் கம்பத்தின்மேல் ஊர்ந்துகொண்டே போகும். காரின் முகப்பில் மின்னும் வெயில், கண்ணாடியில் தெரியும் பிம்பம், காற்றில் ஆடும் இலை எல்லாமே இந்த வகைதான். இவற்றைக் கண்டுபிடித்து நீக்க மென்பொருள் ஓரளவு உதவும். காட்சியை நாலைந்து முறை ஓடவிட்டு நிதானமாகப் பார்க்கும் மனிதக் கண் இதில் இன்னும் கெட்டி. தானியங்கி டிராக்கிங் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

கேமரா ஸ்டாண்டில் நின்று வெறுமனே திரும்பியிருந்தால் இடமாறு தோற்றமே இராது, ஆழமும் கிடைக்காது. மென்பொருளிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

படப்பிடிப்பிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. அகல லென்ஸ் நேர்கோடுகளை வளைக்கும். அதே லென்ஸில் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட அட்டை ஒன்றைப் படமெடுத்து வைத்தால் அந்த வளைவை அளந்து நீக்கலாம். ரோபோவைச் சேர்க்கும்போது அதே வளைவை அதற்கும் கொடுக்க வேண்டும். செல்போனில் எடுப்பவர்கள் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் மின்னணு நிலைப்படுத்தலை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் வெவ்வேறு விதமாக வெட்டி வளைப்பதால் கணக்கே குலைந்துபோகும். ஷட்டர் வேகமும் முக்கியம். சினிமாவில் வழக்கமான 1/48 நொடியில், வேகமாகத் திரும்பும் கேமரா மூலைகளை மங்கலாக இழுத்துவிடும்.

எவ்வளவு நன்றாகக் கணக்கிட்டாலும் ஒன்று மட்டும் படத்தில் இராது: அளவு. பொம்மை வீட்டின் முன் கேமரா ஒரு சாண் நகர்ந்தாலும், நிஜ வீட்டின் முன் பல அடி நகர்ந்தாலும் படம் ஒன்றுபோலவே இருக்கலாம். அதனால் இடத்தை விட்டுக் கிளம்புமுன் ஏதாவதொரு கதவின் உயரத்தை டேப்பில் அளந்துகொள்ளுங்கள்.

சோதனைக்கு ரோபோ தேவையில்லை. தரைப் புள்ளிகள்மேல் சில கூம்புகளை வைத்து ஓடவிட்டு, அவற்றின் அடிப்பாகத்தை மட்டும் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு ஃபிரேமில் கூம்புகள் துள்ளினால், அங்கே எந்தப் புள்ளிகள் முடிகின்றன, எவை தொடங்குகின்றன என்று தேடுங்கள். ஒரே நேரத்தில் பல புள்ளிகள் திரையை விட்டு வெளியேறியிருக்கும். அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் நீளும்படி நாலைந்து புதிய புள்ளிகளைக் கையால் வைத்து, மறுபடி கணக்கிட விடுங்கள்.