தன்னாட்சி விமானம் என்று எழுதாதீர்கள்

மறுபடியும் ஒரு செய்தி: “தன்னாட்சி விமானங்களின் காலம் வருகிறது.” டிரோன், பறக்கும் டாக்சி, விமானி இல்லாத சரக்கு விமானம், எதைப் பற்றி எழுதினாலும் இப்போது இந்த ஒரு சொல்தான். அட்டானமஸ் என்ற ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடி, முதலில் கிடைத்த பொருளை அப்படியே எடுத்து வைத்துவிடுகிறார்கள். இந்த இடத்தில் அது தவறான சொல், படிப்பவருக்குத் தவறான படத்தைக் கொடுக்கிற சொல்.

அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பு எளிது. கிரேக்கத்தில் ஆட்டோஸ் என்றால் தான், நோமோஸ் என்றால் சட்டம். பிறருக்கு அடங்காமல் தன் சட்டப்படி நடந்த நகரத்தை அப்படி அழைத்தார்கள். அந்த அரசியல் பொருளுக்குத் தன்னாட்சி நல்ல தமிழ். தன்னாட்சிக் கல்லூரி, தன்னாட்சிப் பகுதி எல்லாம் சரியாகவே இருக்கின்றன. இயந்திரத்துக்கு வந்தபோது பொருள் நகர்ந்துவிட்டது. சூழ்நிலையைத் தானே அறிந்து, மனிதரைக் கேட்காமல் தானே முடிவெடுப்பது என்று ஆனது. ஆட்டோமேட்டிக் வேறு, அது வகுத்துக் கொடுத்ததைத் தானாகச் செய்வது. அதற்குத் தானியங்கி இருக்கிறது, இலங்கையில் தன்னியக்கம் என்கிறார்கள், இரண்டும் நல்ல சொற்கள்.

சரி, தன்னாட்சியில் என்ன குறை? வானத்தில் ஆட்சி யாருக்கு என்பது ஏற்கெனவே முடிவான விஷயம். 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்கிறது. அதன் 8-ஆம் பிரிவு, விமானி இல்லாமல் பறக்கும் வானூர்தி எதுவும் சிறப்பு அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டின் மேல் பறக்கக் கூடாது என்கிறது. அதாவது இந்த வகை ஊர்திக்குத்தான் கூடுதல் கட்டுப்பாடு, அதற்குப் போய் ஆட்சியைக் கொடுக்கிறோம்! வளர்ந்துவரும் வான்வெளி மேலாண்மையும் இதே திசையில்தான் போகிறது. ஏடிஎஸ்-பி கருவி விமானத்தின் இருப்பிடத்தையும் உயரத்தையும் வேகத்தையும் விடாமல் வானலையில் அனுப்புகிறது (அமெரிக்காவில் பெரும்பாலான கட்டுப்பாட்டு வான்வெளியில் 2020 ஜனவரி 1 முதல் இது கட்டாயம்). தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளர் முன்பு குரலில் சொன்னதை இப்போது தரவு இணைப்பு எழுத்தாக விமானி அறைத் திரைக்கு அனுப்புகிறது. வான்வெளி மேலாண்மையைப் புதுப்பிக்க வந்த ஐரோப்பாவின் செசார் திட்டமும் அமெரிக்காவின் நெக்ஸ்ட்ஜென் திட்டமும் குறிவைத்தது, எந்த விமானம் எந்த நேரத்தில் எந்தப் புள்ளியில் இருக்கும் என்று எல்லாரும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டு பறப்பதைத்தான். இந்தியாவில் 2021 டிரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் வான்வெளியே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிந்து கிடக்கிறது. இணைப்பு கூடக் கூட ஊர்தி மேலும் மேலும் பிறரோடு ஒத்துப்போக வேண்டியிருக்கிறது. இதைத் தன்னாட்சி என்றால் எப்படிப் பொருந்தும்?

வேர்ப்பொருளுக்கு உண்மையாக இருக்கிறோமே என்பது மறுதரப்பின் வாதம். வேர் வேறு, இன்றைய பொருள் வேறு. விமானம் என்பதே கருவறைக்கு மேல் எழும் கோபுரத்துக்கும் உரிய சொல், இருந்தும் அங்கே குழப்பம் வருவதில்லையே, தன்னாட்சியும் அப்படிப் பழகிவிடும் என்றும் சொல்கிறார்கள். பழகாது. கோயிலும் விமான நிலையமும் ஒரே வாக்கியத்தில் வருவது அரிது. ஆனால் விமானத்துறைச் செய்தியில் “தன்னாட்சி அமைப்பு ஒன்று தன்னாட்சி விமானங்களுக்கு விதி வகுக்கும்” என்று எழுத நேர்ந்தால், முதல் தன்னாட்சிக்கும் இரண்டாவதற்கும் என்ன உறவு என்று படிப்பவர் தவிக்க வேண்டியதுதான்.

தானியங்கி என்றே இதையும் சொல்லிவிடலாம் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. 1914-இல் பாரிசில் அமெரிக்க விமானி லாரன்ஸ் ஸ்பெர்ரி, விமானத்தை ஒரு கருவியிடம் விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கிக் காட்ட விமானம் நேராகப் பறந்தது, அது தானியங்கி. 1965-இல் லண்டன் ஹீத்ரோவில் பயணிகளோடு தானாகத் தரையிறங்கிய டிரைடென்ட் விமானமும் அப்படியே. வைத்த அளவை விலகாமல் காத்தது கருவி. எங்கே போவது என்று அது முடிவெடுக்கவில்லை. 2020-இல் சிறு விமானங்களுக்குச் சான்று பெற்ற கார்மின் ஆட்டோலேண்ட் வேறு மாதிரி. விமானி மயங்கிவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். வானிலை, எரிபொருள், ஓடுபாதை நீளம் எல்லாவற்றையும் பார்த்து எந்த நிலையத்தில் இறங்குவது என்று அதுவே தேர்ந்து, வானொலியில் அறிவித்து, இறங்கி, எஞ்சினையும் நிறுத்திவிடும். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால், விபத்து நடக்கும்போது முடிவு யாருடையது என்ற கேள்வியையே தமிழில் கேட்க முடியாது. 2002 ஜூலையில் ஜெர்மனியின் யூபெர்லிங்கன் மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்ததில் இந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு. ஒரு விமானத்திடம் அதன் மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறு என்றது, தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் கீழே இறங்கு என்றார், அது மனிதரைக் கேட்டு இறங்கியது, மற்றொன்று கீழே இறங்கு என்ற தன் கருவியைக் கேட்டு அதுவும் கீழே இறங்கியது. அதற்குப் பிறகுதான் கருவி சொல்வதற்கே முன்னுரிமை என்று உலக விதி தெளிவாக்கப்பட்டது.

ஆங்கிலமும் இதில் தெளிவாக இல்லை என்பது உண்மை. ஏர்பஸ் தன் திட்டத்தின் பெயரில் அட்டானமஸ் என்று வைத்தது, அந்தத் திட்டத்தில் ஏ350 கேமராவைக் கொண்டு மேலெழுந்ததைச் சொல்லும்போது ஆட்டோமேட்டிக் என்றது. அப்படிப்பட்ட இடத்தில் மொழிபெயர்ப்பவர் சொல்லைப் பார்க்காமல் செயலைப் பார்த்து எழுத வேண்டும். இப்போது நடப்பது அதுவல்ல. நிறுவன அறிக்கை வருகிறது, மென்பொருள் தமிழாக்குகிறது, யாரும் வாய்விட்டு ஒருமுறை படிப்பதில்லை.

என் பரிந்துரை நேரானது. வாக்கியத்தில் ‘தானே முடிவெடுக்கும் விமானம்’ என்று எழுதுங்கள், நீளமானால் ஆகட்டும். பெயர்ச்சொல்லாக வேண்டிய இடத்தில் ‘தன்முடிவுத்திறன்’. சிலர் தன்முடிவு விமானம் என்று சுருக்குகிறார்கள், அது வேண்டாம். முடிவு என்றால் இறுதி என்றும் பொருள், விமானத்துக்கு முன்னால் அது கேட்கவே நன்றாக இல்லை. திறன் சேர்ந்தால் அந்தக் குழப்பம் இல்லை, குறைந்த, நடுத்தர, முழுத் தன்முடிவுத்திறன் என்று படிநிலையும் சொல்லலாம்.

அப்புறம் ஆளில்லா விமானம். தரையில் உட்கார்ந்து ஒருவர் ஓட்டுகிற ஊர்தியையும் அப்படியே எழுதுகிறார்கள். ஆள் இருக்கிறார், விமானத்துக்குள் இல்லை, அவ்வளவுதான். பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு இவற்றுக்கென்றே தனிப்பெயர் வைத்திருக்கிறது, தமிழில் ‘தொலைவிலிருந்து ஓட்டும் விமானம்’ என்று சொன்னால் யாருக்கும் புரியும்.