3792 என்ற எண்ணும் முகமது அலியின் கற்பனைத் தோல்வியும்

குத்துச்சண்டை வீரர்கள் முகமது அலியும் மைக் டைசனும் தத்தம் உச்சத்தில் மோதியிருந்தால் யார் வென்றிருப்பார், செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சொல்லிவிடுமா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இந்த ஆசை பழையது. அரை நூற்றாண்டுக்கு முன்பே இதே வகைக் கேள்வியை ஒரு கணினியிடம் கேட்டு, அது சொன்ன விடையைத் திரையரங்குகளில் டிக்கெட் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

1967இல் மயாமியைச் சேர்ந்த மரி வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர், வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் (மிகை எடைப் பிரிவு) வீரர்கள் பதினாறு பேரை என்.சி.ஆர். 315 என்ற கணினிக்குள் மோதவிட்டார். அது கக்கிய விவரங்களை நேர்முக வர்ணனையாக்கி ஒலிபரப்பினார்கள். இறுதிப் போட்டியில் ஜாக் டெம்ப்சியை வென்றவர் ராக்கி மார்சியானோ. அலி கால் இறுதியிலேயே ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றார். மெய்யான தொழில்முறை மேடையில் அதுவரை எவரிடமும் தோற்றிராத அலிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தன் பெயருக்குக் களங்கம் என்று பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். சமாதானப் பேச்சில் பிறந்ததுதான் அடுத்த திட்டம். 1969இல் அலியும் மார்சியானோவும் மயாமியில் படப்பிடிப்புக்காக மேடையேறி, ஒரு நிமிடச் சுற்றுகளாகச் சுமார் எழுபது சுற்றுகள் நடித்துக்கொடுத்தார்கள். ஓய்வுபெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த மார்சியானோ எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டார். பல முடிவுகளைப் படம் பிடித்தார்கள். எது நிற்கப்போகிறது என்று இருவருக்கும் சொல்லவில்லை. அது தெரியாமலேயே ஆகஸ்ட் 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரி 20 அன்று படம் வெளியானபோது, பதின்மூன்றாவது சுற்றில் அலி நாக் அவுட் ஆனார். பிரிட்டனில் காட்டிய வடிவத்திலோ வென்றவர் அலி! கறுப்பின மக்களை ஒதுக்கிவைப்பதில் பெயர்போன மாநிலத்தைச் சுட்டி, அந்தக் கணினியை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கிண்டலடித்தார்.

ஒரே சண்டைக்கு எப்படி இரண்டு முடிவுகள்? மோசடி என்று சொல்லத் தோன்றும். எனக்கோ அந்தப் படத்தில் அறிவியலுக்கு நெருக்கமாக இருந்த ஒரே அம்சம் அதுதான் என்று படுகிறது.

சண்டையைப் பாவனை செய்யும் நிரல் எதுவானாலும் அடிப்படை ஒன்றுதான். ஒவ்வொரு வீரருக்கும் ஓர் அட்டவணை: இந்தக் குத்து வீசினால் படும் வாய்ப்பு எவ்வளவு, பட்டால் எதிராளி விழும் வாய்ப்பு எவ்வளவு, களைப்பு ஏற ஏற இவை எப்படிக் குறையும். பள்ளியில் படித்த நிகழ்தகவுதான். அதன் பிறகு ஒவ்வொரு குத்துக்கும் தாயம் உருட்ட வேண்டும். சொன்னதை மட்டுமே செய்யும் இயந்திரம் எப்படித் தாயம் உருட்டும் என்பதுதான் எனக்கு அலுக்காத கேள்வி.

கணினி யுகத்தின் தொடக்கத்தில் ஜான் வான் நியூமன் என்ற கணித மேதை ஒரு வழி சொன்னார். ஏதாவது நான்கிலக்க எண்ணை எடுங்கள். அதன் வர்க்கத்தைக் கண்டு, எட்டு இலக்கமாக எழுதி, நடுவிலுள்ள நான்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் அடுத்த எண். 1234இல் தொடங்குவோம். வர்க்கம் 01522756, நடு நான்கு 5227. அதன் வர்க்கம் 27321529; நடு நான்கு 3215. இப்படியே 3362, 3030, 1809, 2724, 4201, 6484, 0422 என்று எண்கள் வந்துகொண்டே இருக்கும். பார்வைக்கு ஒழுங்கே இல்லை.

இப்போது சண்டையைத் தொடங்கலாம். அலியின் ஜாப் (முன்கையால் விடும் வேகமான நேர்க்குத்து) படும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வரும் எண் 4000க்குக் கீழே இருந்தால் குத்து பட்டது. இல்லையேல் காற்றில் போனது. 5227: வீண். 3215: பட்டது. 3362, 3030, 1809, 2724: வரிசையாக நான்கும் முகத்தில். மார்சியானோ தள்ளாடுகிறார்! 4201: மயிரிழையில் தப்பினார். வெறும் பெருக்கல் கணக்குக்குள் ஒரு சண்டையின் ஏற்ற இறக்கம் வந்துவிட்டது. ஐந்து குத்துகள் தொடர்ந்து பட்டதற்கு அலியின் உத்வேகம் எதுவும் காரணமில்லை. ஆனால் வர்ணனையாளர் கையில் கொடுத்துப் பாருங்கள், அதற்கும் ஒரு கதை சொல்லிவிடுவார்.

மறுபடி 1234இல் தொடங்கினால் அதே குத்துகள் அதே வரிசையில் விழும். அதனால்தான் இவற்றுக்குப் போலிச் சமவாய்ப்பு எண்கள் என்று பெயர். இப்படிக் கணக்குப் போட்டுத் தற்செயலை உண்டாக்க நினைப்பவர் பாவம் செய்கிறார் என்று வான் நியூமனே கேலியாக எழுதினார். அந்தப் பாவத்தின் சம்பளத்தையும் பார்த்துவிடலாம். 3792இன் வர்க்கம் 14379264. நடு நான்கு இலக்கங்கள்? 3792! இந்த எண்ணில் கால் வைத்தால் வெளியே வரவே முடியாது. 3792 நாலாயிரத்துக்குக் கீழே இருப்பதால் அலியின் ஒவ்வொரு ஜாபும் யுகமுடிவு வரை பட்டுக்கொண்டே இருக்கும். பின்னாளில் ஜப்பானின் மட்சுமோட்டோவும் நிஷிமுராவும் உருவாக்கிய முறையில், வரிசை திரும்பத் தொடங்குவதற்குள் வரும் எண்களின் எண்ணிக்கையை எழுதவே ஆறாயிரம் இலக்கங்களுக்கு மேல் வேண்டும்.

தாயம் கிடைத்துவிட்டது. அதை எத்தனை முறை உருட்டுவது? 1946இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணிதவியலாளர் நோயிலிருந்து தேறிவந்த நாட்களில் தனியாளாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். ஆட்டம் கைகூடும் வாய்ப்பு எவ்வளவு என்று சூத்திரம் போட்டுப் பார்த்துச் சலித்தவருக்கு, நூறு முறை ஆடி எத்தனை முறை கைகூடுகிறது என்று எண்ணிவிட்டால் போதுமே என்று தோன்றியது. அதுதான் மான்டி கார்லோ முறை. முதலில் அணுக்கருத் துகள்களின் போக்கைக் கணிக்கப் பயன்பட்டது. இன்று வானிலை முதல் பங்குச் சந்தை வரை அதன் ஆட்சிதான். சீட்டாட்டத்தில் தோன்றிய யோசனை என்று ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பத்தில் எழுதினால் நம் குழுக்கள் பணம் தருமா? உடனடிப் பயன் என்ன என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

ஆகவே அலிக்கும் மார்சியானோவுக்கும் ஆயிரம் சண்டைகள் நடத்த வேண்டும். கிடைக்கும் விடை ஒரு பெயராக இருக்காது, ஒரு விகிதமாக இருக்கும். ஆயிரத்தில் ஒரு சண்டையை உருவி, இதுதான் கணினியின் தீர்ப்பு என்று அறிவிப்பது வியாபாரம். அதை நம்பிய கூட்டத்தைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. கம்ப்யூட்டர் ஜாதகம் என்று பலகை மாட்டினால் பழைய ஜோதிடத்துக்கே கூடுதல் மரியாதை கிடைக்கிற ஊர் நம்முடையது.

அட்டவணையில் போடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது இன்னொரு தொல்லை. இரு காலங்களையும் இணைக்க ஒரு பாலம் வேண்டும். இங்கே அந்தப் பாலத்தின் பெயர் ஆர்ச்சி மூர். 1955இல் மார்சியானோ அவரை ஒன்பதாவது சுற்றில் வீழ்த்தினார். 1962இல் அலி நான்காவது சுற்றிலேயே. அப்படியானால் அலிதான் வலியவரா? ஏழு ஆண்டுகளில் மூர் நாற்பதுகளின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டாரே! பாலமே தேய்ந்துவிட்டது. ஒரே காலத்தவர்களை ஒப்பிடுவதும் எளிதில்லை. 1971இல் ஃபிரேசியர் அலியை வென்றார். 1973இல் ஃபோர்மேன் ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை வீழ்த்தினார். 1974இல் கின்ஷாசாவில் அலி ஃபோர்மேனை நாக் அவுட் செய்தார். மூவருக்கும் ஆளுக்கொரு வலிமை எண் கொடுத்து வரிசைப்படுத்திப் பாருங்கள், முடியாது.

பாவனையிடம் யார் வெல்வார் என்று கேட்பதைவிட, விதியை மாற்றினால் யாருக்கு லாபம் என்று கேட்பது நல்லது. ஒவ்வொரு மோதலிலும் வெல்லும் வாய்ப்பு ஒருவருக்கு 52 விழுக்காடு என்று கொள்வோம். 101 மோதல்களில் அவர் முந்தி நிற்கும் வாய்ப்பு சுமார் 66 விழுக்காடு. 1,001 மோதல்களில் அதுவே 90ஐ நெருங்கும். சண்டை நீள நீளச் சிறு திறமை வேறுபாடும் பெரிதாகிறது. புள்ளிக்கணக்கில் பின்தங்கினாலும் ஒரே குத்தில் முடிக்கக்கூடியவருக்கும் கூடுதல் சுற்று என்பது கூடுதல் வாய்ப்பு. அன்று உலகப் பட்டத்துக்கான சண்டைகளுக்குப் பதினைந்து சுற்றுகள்; 1982இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ பலத்த அடிபட்டு இறந்த பிறகு அவை பன்னிரண்டாகச் சுருங்கின. மார்சியானோ பட்டம் வென்ற 1952 செப்டம்பர் 23ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் பன்னிரண்டு சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டையிலும் அப்போதைய சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்தான் முந்தியிருந்தார். மார்சியானோவின் வலக்கைக் குத்து அவரைச் சாய்த்தது பதின்மூன்றாவது சுற்றில். இன்றைய விதிப்படி அந்தச் சுற்றே நடந்திருக்காது. 49 சண்டைகள், 49 வெற்றிகள் என்ற அவரது புகழ்பெற்ற கணக்கில் ஒரு தோல்வி ஏறியிருக்கும்.