வேலைநிறுத்தம் நீள்வது எதிர்க்கட்சியாலா?

எதிர்க்கட்சிகள் தூண்டிவிடுவதால்தான் வேலைநிறுத்தங்கள் நீள்கின்றனவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். காய்ச்சல் கண்டவுடன் கண்ணேறு கழிப்பதைப் போன்ற விளக்கம் அது என்பது என் கருத்து. ஆயினும், கேள்விக்குள் ஓர் அழகான கணக்கு ஒளிந்திருக்கிறது.

1932இல் பொருளியலாளர் ஜான் ஹிக்ஸ் இரண்டு கோடுகளை வரைந்து காட்டினார். வேலைநிறுத்தம் நெடுநாள் நீளும் என்று நிர்வாகம் எந்த அளவுக்கு அஞ்சுகிறதோ, அந்த அளவுக்கு அது தர இசையும் கூலி ஏறும். சம்பளமில்லாத நாள்கள் கூடக்கூட, சங்கம் ஏற்க இசையும் கூலி இறங்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடமே உடன்பாடு. ஆனால் அந்த இடம் இரு தரப்புக்கும் முன்பே தெரிந்திருந்தால், ஒரு நாள்கூட வேலையை நிறுத்தாமல் அதே கூலிக்குக் கையெழுத்திட்டிருக்கலாமே! ஆகவே, வேலைநிறுத்தம் என்பது பெரும்பாலும், எதிர்த்தரப்பு எத்தனை நாள் தாங்கும் என்பதைத் தவறாகக் கணித்ததற்குக் கொடுக்கும் விலை.

அரசின் சமரச அதிகாரி இக்கணிப்புகளை நெருங்கி வரச் செய்கிறார். தடையாணையும் கைதும் வந்தால், சங்கத்தின் கோடு செங்குத்தாகச் சரிந்துவிடும். எதிர்க்கட்சி மாற்றுவது, இந்த அரசு எத்தனை நாள் தாங்கும் என்ற மதிப்பீட்டை. அம்மதிப்பீட்டை இரு தரப்பும் நம்பினால் போராட்டம் சுருங்கும்; சங்கம் மட்டும் நம்பினால் நீளும்.

1974இல், அரசே முதலாளியாக இருந்த இரு துறைகளில் இது நடந்தது. பிரிட்டனில் நிலக்கரித் தொழிலாளர்கள் பிப்ரவரியில் வேலையை நிறுத்தியிருந்தபோதே, பிரதமர் ஹீத் தேர்தலுக்குச் சென்றார். பிப்ரவரி 28 வாக்கெடுப்புக்குப் பின் எதிர்க்கட்சியான தொழிற்கட்சி ஆட்சியமைத்து, மார்ச் மாதமே உடன்பாடு கண்டது. இந்தியாவில் மே 8 அன்று ஏறத்தாழ 17 லட்சம் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய போராட்டத்தின் தலைவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ், எதிர்க்கட்சியான சோசலிஸ்ட் கட்சியின் தலைவருமாவார். ஆனால் 1971இல் பெரும்பான்மையுடன் வென்றிருந்த இந்திரா காந்தி அரசுக்கு அடுத்த தேர்தல் 1976இல்தான் வர வேண்டியிருந்தது. விட்டுக்கொடுக்க அவசரமில்லாத அரசு, போராட்டம் தொடங்கும் முன்பே பெர்னாண்டஸைக் கைது செய்தது. இருபது நாள்களில் சங்கம் பின்வாங்கியது. அப்போது பணிநீக்கம் செய்யப்பட்டவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்ப, 1977இல் ஜனதா அரசு அமைந்து, மற்றொரு சோசலிஸ்ட்டான மது தண்டவதே ரயில்வே அமைச்சராக வர வேண்டியிருந்தது.