பூட்டிய வீட்டு வாசலில் யார் கோலம் போட்டது?

"செமயா இருக்கு ப்ரோ, கலக்கிட்டீங்க."

கேம் டெமோ, அதாவது முழு கேமுக்கு முன்னால் ஆடிப் பார்க்கத் தரும் மாதிரித் துண்டு, வெளியிட்ட யாருக்கும் இந்த வரி வந்திருக்கும். கல்யாணப் பந்தியிலிருந்து எழுந்து கை கழுவும்போது "சாப்பாடு பிரமாதம்" என்று சொல்வதற்கு ஒப்பானது இது. சாம்பாரில் உப்பு கூடியிருந்தாலும் அதையேதான் சொல்வார்கள். கேட்டுச் சந்தோஷப்படலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

நான் பதினோரு வருடமாக டெஸ்டர். வாரநாட்களில் பில்லிங் சாப்ட்வேரில் தப்பு தேடுவேன், அது சம்பளத்துக்கு. சனி, ஞாயிறுகளில் தனியாளாகக் கேம் செய்கிறவர்களின் டெமோவை புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் மாடி அறையில் வைத்து, யாரையாவது ஆடச் சொல்லிப் பார்ப்பேன், அது ஆசைக்கு. சென்ற வருடம் கடலூரிலிருந்து ஒரு தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்தார். அவர் செய்துகொண்டிருந்தது பேய் கேம். அந்த டெமோவுக்கு வந்த ஃபீட்பேக்கை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவருக்குச் சொல்லிவிட்டேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

கதை நடப்பது கடலூர் முதுநகரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு பழைய வீட்டில். காலம், தானே புயல் அடித்த ஐந்தாறு நாள் கழித்து. 2011 டிசம்பர் 30 அதிகாலை அந்தப் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதையும், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததையும், பல நாள் கரண்டே இல்லாமல் கிடந்ததையும் இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தம்பி அப்போது பள்ளிக்கூடப் பையன். ஊரே இருட்டாகக் கிடந்த அந்த ராத்திரிகள் அவருக்குள் தங்கிவிட்டன. ஆடுபவர் கையில் ஒரு டார்ச், அதில் பாதி தீர்ந்த பேட்டரி, எதிரே திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம், பின்கட்டு, கிணறு. இருபத்தைந்து நிமிட டெமோ.

2014-ல் பிளேஸ்டேஷனில் பி.டி. என்ற டெமோ வந்ததிலிருந்து, என்னிடம் வருகிற பேய் கேம்களில் பாதி, வளைந்த ஒரே காரிடாரில் சுற்றிச் சுற்றி நடப்பதாகத்தான் இருக்கும். தம்பியின் கேமில் முற்றம் இருந்தது. அதற்காகவே நான் ஒத்துக்கொண்டேன்.

முதலில் வந்த புகார்: "ஒரே இருட்டு, ஒண்ணுமே தெரியல." ஒருவர் இல்லை, பல பேர் சொன்னார்கள். தம்பி அன்றைக்கு ராத்திரியே வீடு முழுக்க வெளிச்சத்தைக் கூட்டிப் புது பில்டு, அதாவது திருத்திய பதிப்பு, ஏற்றிவிட்டார். அடுத்த வாரம் வந்த புகார்: "பயமாவே இல்ல."

"எப்போ உட்கார்ந்து வேலை செய்வீங்க?" என்று கேட்டேன். "பத்து மணிக்கு மேலதான்க்கா. லைட்டெல்லாம் அணைச்சிட்டு." நல்ல மானிட்டர், பிரைட்னஸ் முழுசாக. ஆடிப் பார்த்த காலேஜ் பையனோ மதியம் மூன்று மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து, சார்ஜ் போய்விடக் கூடாது என்று பிரைட்னஸைப் பாதிக்குக் கீழே வைத்து ஆடியிருக்கிறான். விலை குறைந்த லேப்டாப் திரைகளில் அடர்ந்த சாம்பல் நிறமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். தம்பி பார்த்த வீட்டை அந்தப் பையன் பார்க்கவே இல்லை.

செய்தது இரண்டு வேலை. கேம் தொடங்கும்போதே, "இந்தச் சின்னம் லேசாகத் தெரியும் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு பிரைட்னஸ் திரை. அப்புறம் கூட்டிய வெளிச்சத்தையெல்லாம் பழையபடி குறைத்துவிட்டு, பின்கட்டு மாடத்தில் ஒரே ஒரு அகல் விளக்கு. இருட்டில் ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால் கால் அந்தப் பக்கம்தான் போகும். "எங்க போறதுன்னே தெரியல" என்ற இன்னொரு புகாரும் அந்த விளக்கோடு நின்றது. ஜனங்கள் சொன்ன "இருட்டு" உண்மையில் வழி தெரியாத குறை.

இதைவிடச் சுவாரசியமானது துப்பாக்கி விவகாரம். "ஒரு கன் குடுங்க ப்ரோ", "அருவாளாவது வைங்க" என்று தொடர்ந்து வந்தது. தம்பி அரை மனதாக ஓர் அரிவாளை மாடல் செய்யவே ஆரம்பித்துவிட்டார். பொறுங்கள் என்று சொல்லி, பதிவு செய்து வைத்திருந்த வீடியோக்களைத் திரும்ப ஓட்டினோம். ஆயுதம் கேட்டவர்கள் எல்லாரும் செத்தது ஒரே இடத்தில். பின்கட்டில் அந்த உருவம் துரத்தும்போது நெல் பத்தாயத்துக்குள் ஒளிய வேண்டும். ஒளியத்தான் ஓடினார்கள், பத்தாயத்தின் முன்னால் நின்று பட்டனை இரண்டு மூன்று முறை அழுத்தவும் செய்தார்கள். திறக்கவில்லை. நேர் எதிரே, ஓரடி தள்ளி நின்றால்தான் திறக்கும்படி அதன் எல்லை குறுகலாக இருந்தது. தம்பிக்கு அது பழகிப்போன இடம், நூறு முறை திறந்தவர், தன்னையறியாமல் சரியான இடத்தில் நின்றுவிடுவார். எல்லையை அகலப்படுத்தினோம். அதற்குப் பிறகு ஒருவர்கூட ஆயுதம் கேட்கவில்லை.

வலிக்கிற இடத்தைக் காட்டச் சொன்னால் ஜனங்கள் சரியாகக் காட்டுவார்கள். மருந்துச் சீட்டையும் சேர்த்து எழுதிக் கொடுத்தால், சீட்டை வைத்துவிட்டு இடத்தை மட்டும் பாருங்கள். அரிவாளைக் கொடுத்திருந்தால் அந்தக் கேம் வேறொன்றாகியிருக்கும், பத்தாயமும் திறந்திருக்காது.

அதனால்தான் வாயைவிடக் கையைப் பார் என்று சொல்கிறேன். மவுஸ் எங்கே நிற்கிறது, எந்தக் கதவை இரண்டு முறை தட்டுகிறார், எப்போது ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்துகிறார். கடைசியில் சொன்னது பெரிய பயத்தின் அடையாளம். அதைச் செய்துவிட்டு "பயமா இல்லியே" என்று சிரிப்பார்கள். கூட நண்பன் உட்கார்ந்திருந்தால் கட்டாயம் சிரிப்பார்கள். ஆகவே தனித்தனியாக உட்காரவைத்து, பின்னால் நின்று வாயை மூடிக்கொண்டிருங்கள். இது சொல்ல எளிது. முதல் வருடம் ஒரு டெமோவில், ஆடியவர் பத்து நிமிடம் ஒரே அறையில் சுற்றுவதைப் பார்க்கப் பொறுக்காமல் "அதோ அந்தக் கதவு" என்று விரலை நீட்டிவிட்டேன். அவருக்குப் பிறகு எல்லாம் புரிந்தது. எங்களுக்குத்தான் அன்றைய நாள் வீண். வீட்டில் உட்கார்ந்து ஆடுகிறவர் பக்கத்தில் விரல் நீட்ட நானா இருக்கப் போகிறேன்?

ஒரு பொருள் பயன்படுத்த எளிதா என்று பார்க்கும் யூசபிலிட்டி உலகில், அத்துறை நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-ல் சொன்ன கணக்கு ஒன்று பிரபலம்: ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும். திறக்காத பத்தாயம் மாதிரி விஷயங்களுக்கு அது சரிதான். பேய் கேமுக்கு ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் ஒரு முறைதான் முதல் முறையாகப் பயப்பட முடியும். இரண்டாம் தடவை அவர் வெறும் டெஸ்டர், என்னைப் போல. கையிலிருக்கிற ஐந்து நண்பர்களையும் முதல் பில்டிலேயே செலவழித்துவிட்டுத் திருத்திய பில்டை யாரிடம் காட்டுவது என்று முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பில்டுக்கு இரண்டிரண்டு பேராகக் கூப்பிடுங்கள்.

ஆட்டத்துக்குள்ளேயும் இதே கதைதான். திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு தூக்கிவாரிப்போடுவது ஒரு அனிச்சை. திரும்பத் திரும்ப நடந்தால் மங்கிவிடும். இப்படித் திடுக்கிட வைக்கும் ஜம்ப் ஸ்கேருக்கு முன்னால், செத்தவர் மறுபடி தொடங்கும் செக்பாயின்டை வைத்து, அதற்கு அடுத்த அறையில் ஆளைச் சாகடித்தால், நாலாவது முறை அந்தப் பேய் கடலூர் பஸ் மாதிரி வந்து நிற்கும், இவரும் ஏறிக்கொள்வார். செக்பாயின்டைப் பேய்க்கு அந்தப் பக்கம் தள்ளுங்கள், அவ்வளவுதான்.

இனி சொல்வது பயம் சம்பந்தப்பட்டது இல்லை, உடம்பு சம்பந்தப்பட்டது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒரு குழந்தைகள் கார்ட்டூன் தொடரில் சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை போல மாறி மாறி மின்னின. அன்று மாலை நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மினுக்கும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஆனால் பலருக்குத் தங்களுக்கு அது இருப்பது அன்றுவரை தெரியாது. பேய் கேம்களிலோ மினுக்கும் ட்யூப் லைட்டும் மின்னலும் மாமூல். இணையதளங்களுக்கான அணுகல் விதிமுறைகளில் விநாடிக்கு மூன்றுக்கு மேல் மின்னக் கூடாது என்று இருக்கிறது. கேமுக்கும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், அடர் சிவப்பில் இன்னும் கவனம். எச்சரிக்கை போடுவதோடு நிற்காமல், மின்னலை அணைத்துவைக்க செட்டிங்ஸில் ஒரு வழியும் கொடுங்கள். ஆடுகிறவர்களுக்கு: பார்க்கும்போது கண்ணில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால், ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடிக்கொண்டு திரையைவிட்டு முகத்தைத் திருப்புங்கள். இரண்டு கண்ணையும் சும்மா மூடினால் போதாது, இமை வழியாகவும் மின்னல் தெரியும்.

"தலை சுத்துது" என்று யாராவது சொன்னாலும் அவர் பலவீனம் என்று தள்ளாதீர்கள். நடக்கும்போது கேமரா ஆடுவது, அசைவில் படம் மங்குவது, பார்வைக் கோணம் குறுகலாக இருப்பது, எஃப்.பி.எஸ். (விநாடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை) ஏறி இறங்குவது என்று அதற்குத் தெரிந்த காரணங்கள் இருக்கின்றன. தம்பியின் கேமில் கேமரா ஆட்டத்தை நிறுத்த ஒரு பட்டன் வைத்தோம். முதலில் அதை அழுத்தியது நான்.

ஃபீட்பேக் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "லேக் ஆகுது" என்று மட்டும் எழுதினால் தனியாளால் எதுவும் செய்ய முடியாது. ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "எட்டு ஜிபி ரேம், தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை, ஹெட்போன் போடல, லேப்டாப் ஸ்பீக்கர். முற்றத்துல மழை ஆரம்பிச்சதும் திக்குச்சு. கிணத்தடியில நிறுத்திட்டேன், மூணு தடவை செத்துட்டேன், அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க." அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம். மழைத்துளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. கிணற்றடியில் உறுமும் ஆழமான ஒலி சின்ன ஸ்பீக்கரில் வராமலே போகிறது என்பதும் தெரிந்தது.

செய்கிறவர்கள் கேட்கும் கேள்வியும் மாற வேண்டும். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். "அந்த வீட்ல என்ன நடந்துச்சு, எனக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். எது மனதில் நின்றதோ அது வெளியே வரும். கடுமையாக எழுதியவருக்கு அன்றைக்கு ராத்திரியே பதில் போடாதீர்கள். "நீங்க சரியா ஆடல" என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் பட்டியல் பெரிது. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் 2024 முதல் டெமோவுக்கே தனிப் பக்கமும் ரிவ்யூவும் வைக்கலாம். அங்கே நடக்கும் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டுக்கு வருடத்தில் மூன்று முறை கதவு திறந்தாலும் ஒரு கேம் ஒரு தடவைதான் உள்ளே போக முடியும். இந்தச் சண்டையையெல்லாம் அதற்கு முன்பே, மாடி அறையிலேயே முடித்துக்கொள்வது நல்லது.

ஊர்க்காரர் கண்ணுக்கு மட்டும் தெரியும் தப்புகள் உண்டு. "ஆளு வீட்டுக்குள்ள ஷூ போட்டுட்டா போறாரு?" என்று முத்தியால்பேட்டைப் பெண் ஒருத்தி கேட்டாள். வாங்கிப் போட்ட ஒலித் தொகுப்பில் இருந்தது மரத்தரையில் பூட்ஸ் நடை. எங்கள் திண்ணையின் சிவப்பு சிமென்ட்டில் தம்பி வெறுங்காலோடு நடந்து புதிதாகப் பதிவு செய்தார். வெறுங்கால் சத்தம் மெல்லியது. அது தணிந்ததும், வீட்டுக்குள் நடக்கும் இன்னொரு காலடி தனியாகக் கேட்க ஆரம்பித்தது.

அப்புறம் குறிஞ்சிப்பாடி அத்தை. தம்பியின் சொந்த அத்தை, ஏதோ விசேஷத்துக்குப் புதுச்சேரி வந்தவர். கேமே ஆடியதில்லை. ஒரு கையில் நடை, ஒரு கையில் பார்வை என்பது அவருக்கு வரவில்லை. நடந்தால் மேலே பார்த்தார், பார்த்தால் நின்றார். வாசலைத் தாண்டவே இல்லை. வீணாகப் போன நேரம் என்று நான் நோட்டை மூடப்போனேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, இது பூட்டிக் கெடக்கிற வீடுன்னுதானே சொன்ன?"

"ஆமாம் அத்த."

"வாசல்ல யாரு கோலம் போட்டது?"

மார்கழி மாதம் என்பதால் அழகுக்குப் போட்டேன் என்றார் தம்பி. கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் ஒரு பூசணிப்பூவும் வைத்திருந்தார்.

"புயல்ல பூசணிக் கொடியெல்லாம் போச்சுடா. ஊர்லயே ஒரு பூ கெடயாது. இவளுக்கு மட்டும் எங்கேருந்து கெடச்சுது?"

"இவளுக்கு" என்றார். அந்த வீட்டில் இருப்பது ஆணா பெண்ணா என்று நாங்கள் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அத்தை மவுஸை விட்டுக் கையை எடுத்துவிட்டார்.

இப்போதைய பில்டில், கிணற்றடியிலிருந்து திரும்பி வாசலுக்கு வந்தால் கோலத்தில் இரண்டு பூ இருக்கும். அதைப் பற்றிக் கேமில் எங்கேயும் ஒரு சொல் கிடையாது. அத்தையை மறுபடி ஒரு தடவை ஆடிப் பார்க்கச் சொல்லித் தம்பி போன் செய்திருக்கிறார். "காலைல வேணா வரேன்" என்றாராம்.