நண்டு வளையும் எஸ்பிரெஸோவும்

வெந்நீரை அழுத்தித் தள்ளிக் காப்பி வடிக்கும் எஸ்பிரெஸோ இயந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, கும்பகோணத்துக் கடையொன்றில் காலையில்தான் வறுத்து அரைத்து வாங்கிய பொடியை, சிக்கரி கலக்காமல், 18 கிராம் நிறுத்து இட்டேன். பொத்தானை அழுத்திய எட்டாவது வினாடியிலேயே தம்ளரில் பாதிக்குமேல் இறங்கிவிட்டது. வரக்காப்பியை நீர்த்தது போன்ற நிறம். வாயில் வைத்தால் புளிப்பு. அதே பொடியைப் பித்தளை ஃபில்டரில் போட்டால் டிகாக்ஷன் குறையே இல்லாமல் சொட்டுகிறது. பொடியிலும் பழுதில்லை, இயந்திரத்திலும் பழுதில்லை. இரண்டுக்கும் பொருத்தம்தான் இல்லை. அந்தப் பொருத்தத்தைத் தீர்மானிப்பது அரைவை.

ஃபில்டரில் தண்ணீரைக் கீழே தள்ளுவது அதன் சொந்த எடை மட்டுமே. ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் வெந்நீர் கால் மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு பொடியினூடே இறங்குகிறது. எஸ்பிரெஸோவில் அதே வேலை 25 முதல் 30 வினாடிக்குள், சுமார் 9 பார் அழுத்தத்தில் நடக்கிறது. 9 பார் என்பது ஏறத்தாழ 92 மீட்டர் உயரமுள்ள நீர்த்தம்பத்தின் அழுத்தம். தஞ்சைப் பெரிய கோயிலின் 216 அடி விமானத்தின் உச்சிவரை குழாய் நிறுத்தித் தண்ணீர் நிரப்பினாலும் போதாது. இயந்திரத்தின் ஓட்டைக் கூடையில் பரப்பி அமுக்கிய, 58 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பொடிப் படுகையின் மேல் இது சுமார் 240 கிலோ எடையாக இறங்குகிறது, அதாவது அறுபது கிலோ நெல் மூட்டைகள் நான்கை ஒரு சிறு டபராவின் மேல் அடுக்கியதற்குச் சமம். 1901-இல் இத்தாலியரான லூய்ஜி பெஸேரா காப்புரிமைக்கு விண்ணப்பித்த இயந்திரம் நீராவியை நம்பியதால் இந்த அழுத்தத்தை எட்டவில்லை. 1940-களின் பிற்பகுதியில் அக்கிலே காஜ்ஜியாவின் நெம்புகோல் இயந்திரம்தான் அதைச் சாத்தியமாக்கி, மேலே தங்க நிற நுரையையும் தந்தது.

இத்தனை அழுத்தத்துக்கு எதிராக நிற்பது பொடி ஒன்றுதான். நுண்துளைகள் வழியே நீர் பாயும் வேகத்தை விளக்கும் விதியை 1856-இல் ஹென்றி டார்சி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் மணல் வடிகட்டிகளைக் கொண்டு வகுத்தார். அழுத்தமும் படுகையின் கனமும் மாறாமல் இருக்கும்போது, நீர் புகும் எளிமை துகள் அளவின் இருமடியை ஒட்டி மாறுகிறது: துகளைப் பாதியாக்கினால் ஓட்டம் நான்கில் ஒரு பங்காகிறது. ஃபில்டருக்கென அரைத்த பொடி எஸ்பிரெஸோவுக்கு வேண்டியதைவிடப் பருமன். அந்த வித்தியாசமே முப்பது வினாடியை எட்டாகச் சுருக்கப் போதுமானது.

கிரைண்டர் என்றதும் நம் பக்கத்தில் மாவாட்டும் கல்தான் கண்முன் வரும் என்பதால், காப்பிக் கிரைண்டர் என்று முழுவதும் சொல்லிவிடுகிறேன். அதன் உண்மையான முன்னோர் ஆட்டுக்கல் அல்ல. உப்புமாவுக்கு அரிசி உடைக்கும் திரிகை. மிக்ஸியின் கத்தி அகப்பட்டதை வெட்டிக்கொண்டே இருப்பதால் ஒரே பாத்திரத்தில் பாதிக் கொட்டையும் மாவும் கலந்து கிடக்கும். திரிகையிலோ இரு கற்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியில் புகும் அளவுக்குச் சிறுத்த பிறகுதான் துகள் விளிம்புக்கு வருகிறது. காப்பிக் கிரைண்டரில் கல்லுக்குப் பதில் பல் வெட்டிய இரு எஃகு வட்டுகள், அல்லது ஒரு கூம்பும் அதைச் சூழ்ந்த வளையமும். அவற்றுக்கிடையேயான இடைவெளியை மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு அளவுக்குத் திருகி மாற்றலாம். விலை உயர்ந்த இயந்திரத்தையும் மலிவான கிரைண்டரையும் வாங்குகிறவர்கள் பணத்தைத் தலைகீழாகப் பிரித்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

பொடி சரியாக இருந்தாலும் அதைப் பரப்புவதில் பிசகினால் அத்தனையும் வீண். நடவு முடிந்த வயலில் வரப்பு உறுதியாகத்தான் தெரியும். நண்டு வளை ஒன்று இருந்தால், தண்ணீர் முதலில் நூலாகக் கசிந்து, ஓட்டத்தின் வேகத்தாலேயே துளையைப் பெரிதாக்கிக்கொண்டு, விடியும்போது வரப்பே உடைந்திருக்கும். 9 பார் அழுத்தத்தில் பொடிப் படுகையிலும் நடப்பது இதுதான். கட்டி உடையாத இடத்திலோ சாய்வாக அமுக்கிய பக்கத்திலோ நீர் ஒரு தடம் கண்டுபிடித்து அதன் வழியே விரைகிறது. தடத்தையொட்டிய பொடி அளவுக்கு மீறிக் கரைந்து கசப்பைத் தர, மற்ற இடத்துப் பொடி அரைகுறையாய் நனைந்து புளிப்போடு நின்றுவிடுவதால், ஒரே மிடறில் இரண்டும் சேர்ந்து வரும். பொடிக் கூடையைத் தாங்கும் கைப்பிடி, அடியில் ஓட்டைத் தட்டு தெரியும்படி திறந்த வகையாக இருந்தால், ஒரு மூலையிலிருந்து ஊசி போலப் பீய்ச்சும் தாரை இதைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் சமையலறைச் சுவரில் அதன் கறை இன்னும் இருக்கிறது. இதற்குத் தீர்வாக மேலும் மேலும் நைசாக அரைப்பதும் ஒரு கட்டத்துக்கு மேல் உதவாது. வேதியியலாளர் கிறிஸ்டோபர் ஹெண்டன் உள்ளிட்டோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மிக நைசான பொடி ஆங்காங்கே அடைத்துக்கொள்வதால் கரைந்து வரும் அளவு கூடுவதற்குப் பதில் குறைவது தெரியவந்தது; சற்றே பருமனாக, குறைந்த பொடியில் வடித்தபோது ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இறங்கியது.

கட்டிகள் உருவாவதில் நிலைமின்னூட்டத்துக்கும் பங்குண்டு. உடையும் கொட்டைத் துகள்கள் உரசி மின்னூட்டம் பெற்று ஒன்றோடொன்றும் கிரைண்டரின் வாயிலும் ஒட்டிக்கொள்கின்றன. கருக வறுத்த, ஈரம் குறைந்த கொட்டையில் இது அதிகம். அரைக்குமுன் ஓரிரு சொட்டுத் தண்ணீர் தெளித்துக் குலுக்கினால் பெருமளவு அடங்கிவிடுகிறது. கொட்டை மிகப் புதிதாக இருந்தாலும் தொல்லைதான்: வறுத்தபோது உள்ளே சிறைப்பட்ட கரியமில வாயு நுரையாகப் பொங்கி நீரின் வழியை மறிப்பதால், ஒரு வாரம் ஆறவிட்டு அரைப்பது நல்லது. சிக்கரியை எஸ்பிரெஸோவில் சேர்க்கவே வேண்டாம். காப்பியைவிடப் பெரும்பகுதி கரைந்துபோகும் பொருள் அது, படுகை குழைந்து நிலைகுலையும்.

டெல்டாவில் வேறு இரண்டு சங்கடங்கள் உண்டு. மோட்டார்கள் ஒருசேர ஓடும் கோடை மாலைகளில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 230-இலிருந்து 180 வோல்ட்டுக்கு இறங்கும். வெப்பச்சுருளின் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் 1,400 வாட் சுருள் அப்போது சுமார் 860 வாட்தான் தருகிறது. வேண்டிய 90 முதல் 96 டிகிரி வெப்பத்தை இயந்திரம் மீட்டெடுக்க அதிக நேரம் பிடிக்கிறது. அடுத்தது தண்ணீர். கால்சியம் கார்பனேட் சூடேறும்போது கரைதிறன் குறையும் உப்பு. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரை ஊற்றினால் அது கொதிகலனின் உட்புறம் சுண்ணமாகப் படிகிறது. கடலோரத்து நீரிலுள்ள குளோரைடோ துருப்பிடிக்காத எஃகையும் அரிக்கும். ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றினாலும் சுவை சப்பென்றாகிறது. நீர்மட்டத்தை மின்கடத்தும் தன்மையால் அறியும் சில கொதிகலன்கள், உப்பு குறைந்து மின்சாரத்தைச் சரிவரக் கடத்தாத அந்த நீர் உள்ளே இருப்பதையே உணராமல் மேலும் மேலும் இழுத்துக்கொள்ளும். நான் மூன்று பங்கு ஆர்.ஓ. நீரோடு ஒரு பங்கு கொள்ளிடத்துக் குழாய் நீரைக் கலந்து ஊற்றுகிறேன்.