கொஞ்சுன்தீவோ: இத்தாலிய வினையும் நம் வியங்கோளும்

இத்தாலிய மொழி படிப்பவர்கள் முதல் சில மாதங்கள் உற்சாகமாகப் போவார்கள். பிறகு ஒரு சொல் வந்து வழிமறிக்கும்: கொஞ்சுன்தீவோ. இத்தாலிய வினை எடுக்கும் வடிவங்களில் ஒன்றின் பெயர் அது. 'மஞ்சள்' என்பதில் வரும் அதே 'ஞ்ச' ஒலிதான் இதிலும். பெரும்பாலான பாடக் குறிப்புகளில் இதற்கு 'ஐயப்பாட்டு வினை' என்றோ 'சந்தேக நிலை' என்றோ தமிழ் எழுதியிருக்கும். அதை நம்பிப் படித்தால் பாதி இடங்களில் வழி தவறும். சொல்லின் வேரைப் பார்த்தால் காரணம் தெரியும்.

லத்தீனில் 'யுங்கெரே' என்றால் பிணைத்தல், நுகத்தில் பூட்டுதல். அதன் முன் 'உடன்' என்று பொருள்படும் 'கொன்' சேர்ந்து 'கொன்யுங்கெரே' ஆயிற்று. அதிலிருந்து வந்தது 'கொன்யுங்க்தீவுஸ்', அதன் இத்தாலிய வடிவம் கொஞ்சுன்தீவோ. சமஸ்கிருதத்தின் 'யுஜ்' இதே வேரைச் சேர்ந்தது. யோகம், யுக்தம், சம்யுக்தம் எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஆக, பெயரில் ஐயமும் இல்லை, சந்தேகமும் இல்லை. 'இன்னொரு வினையோடு பூட்டப்பட்டது' என்பதே பெயரின் பொருள். கிரேக்க இலக்கணக்காரர்களும் இதை 'கீழ்ப்பட்டு நிற்பது' என்றே அழைத்தார்கள். தனித்து நிற்காமல் ஒரு தலைமை வினையைச் சார்ந்து வரும் வினை என்ற கருத்து அங்கேயே இருக்கிறது.

வினைத்திரிபைக் குறிக்கும் 'கொன்யுகாத்ஸியோனே' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள்போல், ஒரே ஈறு கொண்ட வினைகளை ஓரணியாக வைத்துப் பார்ப்பது. ஆரே, எரே, இரே என்று மூன்று அணிகள். கணவன் அல்லது மனைவியைக் குறிக்கும் 'கோன்யுஜே' என்ற சொல்லும் இந்த நுகத்திலிருந்து வந்ததே.

கொஞ்சுன்தீவோ போன்ற வினைவடிவ வகைகளுக்கு இத்தாலியத்தில் பொதுப்பெயர் 'மோதோ'. அது அளவு, விதம் என்று பொருள்படும் லத்தீன் 'மோதுஸ்'. அதைத் தமிழில் 'மனநிலை' என்று சிலர் எழுதுகிறார்கள். 'மூட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்து வந்த பிழை அது. 'வினைப்பாங்கு' என்பதே பொருந்தும். இத்தாலியத்தில் வினைப்பாங்குகள் ஏழு. தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடம் காட்டுபவை நான்கு: செய்தியை நேராகச் சொல்லும் இன்திகதீவோ, கொஞ்சுன்தீவோ, பின்னால் பார்க்கப்போகும் கொந்தித்ஸியொனாலே, ஏவலான இம்பெராத்தீவோ. இடம் காட்டாதவை மூன்று: இன்ஃபினீத்தோ, பார்த்திசீப்பியோ, ஜெருந்தியோ. பின்னவை மூன்றும் நம் எச்சங்களுக்கும் தொழிற்பெயருக்கும் பக்கத்தில் நிற்பவை, அதிகம் தொல்லை தருவதில்லை. முன்னவற்றில் இன்திகதீவோவுக்கு 8 காலங்கள், கொஞ்சுன்தீவோவுக்கு 4, கொந்தித்ஸியொனாலேவுக்கு 2.

இனி, கொஞ்சுன்தீவோ தனித்து வரும் இடங்களைப் பார்ப்போம். 'வீவா லித்தாலியா' என்ற முழக்கத்தில் உள்ள 'வீவா', வாழ்தலைக் குறிக்கும் 'வீவெரே' வினையின் கொஞ்சுன்தீவோ வடிவம். தமிழில் 'இத்தாலி வாழ்க'. நம் 'வாழ்க' வியங்கோள் வினைமுற்று. கத்தோலிக்கர்கள் சொல்லும் 'விண்ணுலகிலிருக்கிற' ஜெபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இத்தாலியத்தில் 'வெங்கா இல் தூவோ ரேன்யோ' என்று வரும் இடம் தமிழில் 'உமது ஆட்சி வருக'. 'சீயா' என்று தொடங்கும் இடம் 'போற்றப்பெறுக'. வினைக்கு வினை, ஈற்றுக்கு ஈறு பொருந்துகிறது.

ஒற்றுமை இதோடு நிற்கவில்லை. க, ய, ர் என்ற ஈறுகளில் வரும் வியங்கோள் இடமும் பாலும் பாராமல் எங்கும் செல்லும் என்கிறது நன்னூல். 'நான் வாழ்க, நீ வாழ்க, அவள் வாழ்க' எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம். கொஞ்சுன்தீவோ நிகழ்கால ஒருமையும் அப்படித்தான். பேசுதலைக் குறிக்கும் பார்லாரேக்கு, நான், நீ, அவன் மூவருக்கும் 'பார்லி' ஒன்றே. அதனால்தான் இத்தாலியர்கள் வழக்கமாக விட்டுவிடும் 'நான்', 'நீ' என்ற சொற்களைக் குழப்பம் வரும் இடத்தில் மட்டும் சேர்த்துச் சொல்கிறார்கள். மணமக்களை வாழ்த்தும்போது பன்மையாக இருந்தும் 'வீவா' என்றே சொல்வது வழக்கம். நாமும் 'வாழ்க மணமக்கள்' என்றுதானே சொல்கிறோம்?

மரியாதை ஏவலும் இதே வடிவம்தான். ரோம் நகரக் கடையில் நுழைந்தால் கடைக்காரர் 'தீக்கா' என்பார். 'சொல்லுங்கள்' என்று பொருள். 'வெங்கா' என்றால் 'வாருங்கள்', அதாவது வருக. இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. மன்னிப்புக் கேட்கத் தோழரிடம் 'ஸ்கூஸா', பெரியவரிடமும் அறிமுகமில்லாதவரிடமும் 'ஸ்கூஸி'. ஆனால் 'கேளுங்கள்' என்று கவனத்தைத் திருப்பும்போது தோழரிடம் 'ஸென்தி', பெரியவரிடம் 'ஸென்தா'. ஒன்றில் இகரம் மரியாதை, மற்றொன்றில் ஆகாரம் மரியாதை. ஒரே ஈற்றை மனப்பாடம் செய்து எல்லா வினைக்கும் பூட்டினால், மாமனாரை 'நீ' என்று அழைத்த கதை ஆகிவிடும்.

இதற்குப் பின்னால் உள்ள விதி எளியது: உயிர் இடம் மாறுகிறது. ஆரே அணியில் 'அவன் பேசுகிறான்' என்பது 'பார்லா', கொஞ்சுன்தீவோவில் 'பார்லி'. எரே, இரே அணிகளில் 'க்ரேதே' (நம்புகிறான்) என்பது 'க்ரேதா' ஆகும், 'தோர்மே' (உறங்குகிறான்) என்பது 'தோர்மா' ஆகும். பன்மையில் 'நாம்' வடிவத்துக்கு எல்லா அணியிலும் 'இயாமோ', 'நீங்கள்' வடிவத்துக்கு 'இயாத்தே'. 'அவர்கள்' வடிவத்துக்கு ஒருமையோடு 'னோ' சேர்த்தால் போதும்: பார்லினோ, தோர்மானோ.

ஒழுங்கற்ற வினைகளுக்கு 'நான்' வடிவத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'வெங்கோ' (வருகிறேன்) என்பதிலிருந்து வெங்கா, 'தீக்கோ' (சொல்கிறேன்) என்பதிலிருந்து தீக்கா, 'ஃபாச்சோ' (செய்கிறேன்) என்பதிலிருந்து ஃபாச்சா, 'வாதோ' (போகிறேன்) என்பதிலிருந்து வாதா. இந்த வழிக்குள் வராத ஐந்து வினைகளைத் தனியே மனதில் பதிக்க வேண்டும்: எஸ்ஸெரேக்கு (இருத்தல்) 'சீயா', அவேரேக்கு (உடைத்தாதல்) 'அப்பியா', தாரேக்கு (கொடுத்தல்) 'தீயா', ஸ்தாரேக்கு (நிற்றல், தங்குதல்) 'ஸ்தீயா', ஸபேரேக்கு (அறிதல்) 'ஸப்பியா'. 'வாதா' என்பதை 'வாதி' என்று சொல்லும் பிழை இத்தாலியர்களிடமே உண்டு. இதன் மூல வடிவமான அந்தாரே (போதல்) ஆரே அணி, ஆகவே இகர ஈறு வேண்டும் என்று நாக்கு தானாகப் போய்விடுகிறது.

சார்ந்து வரும் இடங்கள்தான் தமிழருக்கு உண்மையான சிக்கல். 'அவன் வருவான் என்று நினைக்கிறேன்' என்கிறோம். இதில் 'வருவான்' முழு வினைமுற்று. 'என்று' அதை அப்படியே மேற்கோள்போல் எடுத்து வைக்கிறது, வினையின் உருவைத் தொடுவதில்லை. நம் 'என்று' செய்யும் வேலையை இத்தாலியத்தில் செய்யும் 'கே' அப்படி விடாது. நினைத்தல், நம்புதல், அஞ்சுதல், விரும்புதல் போன்ற வினைகளுக்குப் பின் அது வந்தால், தொடரும் வினையும் உரு மாற வேண்டும்: 'பென்ஸோ கே வெங்கா'. தமிழின் 'என்று' பழக்கத்தில் 'பென்ஸோ கே வியேனே' என்று சொல்லிவிடுவோம். பேச்சில் இத்தாலியர்களும் அப்படிச் சொல்வதுண்டு, ஆனால் எழுத்தில் அது குறையாகவே எண்ணப்படும். 'அவன் வருவான் என்று தெரியும்' என்றால் மட்டும் கொஞ்சுன்தீவோ வேண்டாம், ஏனெனில் உறுதியாக அறிந்த செய்தி அது.

எழுவாய் ஒன்றே என்றால் 'கே' கூடவே கூடாது. 'நான் வரலாம் என்று நினைக்கிறேன்' என்பதற்கு 'பென்ஸோ தி வெனீரே'. 'வர விரும்புகிறேன்' என்பதற்கு 'வோல்யோ வெனீரே'. நம் செயவெனெச்சம் போலவே.

தலைமை வினையின் காலம் சார்வினையை இழுக்கும். 'பென்ஸோ கே வெங்கா', வருவான் என்று நினைக்கிறேன். 'பென்ஸோ கே சீயா வெனூத்தோ', வந்திருப்பான் என்று நினைக்கிறேன். 'பென்ஸாவோ கே வெனிஸ்ஸே', வருவான் என்று நினைத்தேன். 'பென்ஸாவோ கே ஃபோஸ்ஸே வெனூத்தோ', வந்துவிட்டான் என்று நினைத்திருந்தேன். நான்கு காலங்களும் இந்த நான்கு வரிகளில் அடங்கிவிட்டன. 'வந்தால் நன்றாக இருக்குமே' என்ற விருப்பத்தை 'வொர்ரேய்' என்று தொடங்கினால் பின்னால் 'வெனிஸ்ஸே' வர வேண்டும், 'வெங்கா' வரக் கூடாது.

சில இணைப்புச் சொற்களும் இதைக் கேட்கும். 'வருவதற்கு முன்' என்பதன் 'ப்ரீமா கே' கொஞ்சுன்தீவோ கேட்கும், 'வந்த பின்' என்பதன் 'தோப்போ கே' கேட்காது. 'வந்தாலும்' என்பதற்கு இரண்டு வழி உண்டு: 'பென்கே' என்றால் கொஞ்சுன்தீவோ, 'ஆன்கே ஸே' என்றால் இன்திகதீவோ. நாம் முன், பின், ஆலும், படி என்று எச்சங்களிடமும் இடைச்சொற்களிடமும் கொடுத்துவிட்ட வேலையை இத்தாலியம் ஒரே வினைவடிவத்தின் தலையில் ஏற்றுகிறது.

இங்கேதான் இன்னொரு தமிழ்ப் பெயர் ஆளைக் கவிழ்க்கிறது. கொந்தித்ஸியொனாலேயை 'நிபந்தனை வினை' என்று எழுதுவது. தமிழில் நிபந்தனை என்றால் 'ஆல்' ஈறு, 'முடிந்தால்' என்பதில் இருப்பது. அந்த நினைப்பில் படிப்பவர், 'ஆல்' பொருள் தரும் 'ஸே' என்ற சொல்லுக்குப் பின்னால் கொந்தித்ஸியொனாலேயைப் போட்டு 'ஸே பொத்ரேய், வெர்ரேய்' என்கிறார். இத்தாலிய ஆசிரியர் முகம் சுளிக்கும் பிழை இது. சரியானது 'ஸே பொத்தெஸ்ஸி, வெர்ரேய்', 'என்னால் முடிந்தால் வருவேனே'. நிபந்தனைப் பகுதியில் நிற்பது கொஞ்சுன்தீவோ. கொந்தித்ஸியொனாலே விளைவைத்தான் சொல்கிறது. வரலாற்றிலும் அது 'பேச இருந்தேன்' என்பது போன்ற கூட்டு. வினையின் மூல வடிவத்தோடு 'கொண்டிருந்தேன்' என்ற பொருளுடைய பழைய துணைவினை ஒட்டி 'பார்லெரேய்' ஆயிற்று. ஆகவே அதை 'விளைவுப் பாங்கு' என்று சொல்வதே பாதுகாப்பு.

கொஞ்சுன்தீவோவுக்கு நேர்ச்சொல்லாக 'இணைவினை' என்று வைத்தால் வேர்ப்பொருளுக்குப் பொருந்தும், ஆனால் கூட்டுவினை என்று படித்துவிடுவார்கள். தனித்து வரும் இடத்தில் 'வியங்கோள்' என்றும், தொடருக்குள் வரும் இடத்தில் 'சார்வினைப் பாங்கு' என்றும் இரண்டாகச் சொல்லுவதே தெளிவு. ஒரு வடிவத்துக்கு இரு பெயரா என்று கேட்கலாம். நம் மொழியில் அந்த வேலைகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன. காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியெரே என்ற ஊரில் 1680-இல் பிறந்த வீரமாமுனிவர், நம் பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் இலக்கணம் எழுதினார். 1738-இல் தரங்கம்பாடியில் அது அச்சேறியது. லத்தீன் வழியாகத் தமிழை விளக்கினார் அவர். இத்தாலிய வினையைத் தமிழ் இலக்கணம் வழியாகப் பார்ப்பது அதே பாதையில் எதிர்த்திசைப் பயணம்.

ஈழத்தமிழர் நிறைய வாழும் பலெர்மோவில் இருப்பவர்களுக்கு ஒன்று. சிசிலிய மொழியில் நிகழ்கால கொஞ்சுன்தீவோ வழக்கொழிந்துவிட்டது. அதனால் அங்கே மரியாதையாக அழைக்கும்போது 'வெங்கா' என்னாமல் 'வெனிஸ்ஸே' என்பார்கள். 'உட்காருங்கள்' என்பதற்கு 'ஸி அக்கோமொதி' என்னாமல் 'ஸி அக்கோமொதாஸ்ஸே' என்பார்கள். காதில் விழுந்தால் அது கனிவான அழைப்பு என்று புரிந்துகொள்ளுங்கள். தேர்வுத் தாளிலும் விண்ணப்பத்திலும் மட்டும் 'வெங்கா' என்றே எழுதுங்கள்.