சீல் விழுந்துவிட்டால் வேலை நிஜம் என்று அர்த்தமில்லை

“ஏர்போர்ட்ல இமிக்ரேஷன்காரரே விட்டுட்டாரு சார், அப்போ விசா சரிதானே?” வெளிநாட்டு வேலைக்குப் போய் ஏமாந்து வருகிறவர்களின் வழக்குகளைப் பார்க்கிற வக்கீல் நான். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை.

கவுன்டரில் சீல் போடுவது உள்துறையின் கீழ் இருக்கும் குடியேற்றத் துறை. பாஸ்போர்ட் அசலா, தேடப்படும் ஆளா, விசா செல்லுமா என்று பார்ப்பார்கள். போகிற நாட்டில் வேலை இருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பது வெளியுறவுத் துறையின் கீழ் இயங்கும் வேறு அலுவலகம், புரொடெக்டர் ஆஃப் எமிகிரன்ட்ஸ். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஈசிஆர் பாஸ்போர்ட்காரர்கள் (சென்னைக்காரர்களே, கடற்கரைச் சாலை இல்லை, ‘எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு’, அதாவது வேலைக்கு வெளிநாடு போகும் முன் சோதனை தேவைப்படுகிறவர்கள்; பெரும்பாலும் பத்தாவது தேறாதவர்கள்) வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக இவர்களுடைய அனுமதி வேண்டும். சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு வேண்டாம். ஓட்டை இங்கேதான்.

போன வருடம் ஒரு கொத்தனார் வந்தார். ஏஜென்டுக்குக் கொடுத்தது ஒன்றேகால் லட்சம், ரசீது கிடையாது. துபாய்க்கு 60 நாள் விசிட் விசா, கூடவே ரிட்டர்ன் டிக்கெட். “கேட்டா டூர்னு சொல்லு, மச்சான் ரூம்ல தங்குறேன்னு சொல்லு, போன்ல இருக்கிற மெசேஜை எல்லாம் அழிச்சுடு” என்று பாடம் வேறு எடுத்திருக்கிறார்கள். ஆள் அங்கே இறங்கிய மறுநாளே ரிட்டர்ன் டிக்கெட் கேன்சல். வேலை பார்த்தார், சம்பளம் வரவில்லை, விசா முடிந்தது, அப்புறம் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏற ஆரம்பித்தது. ஊர் திரும்பிப் புகார் கொடுத்தால் ஏஜென்ட் சொல்கிறார்: “நான் டூர்தான் அனுப்பினேன், அதிகாரிகிட்ட அவரே அப்படித்தானே சொன்னாரு?” கவுன்டரில் சொன்ன பொய் ஏஜென்டுக்குத்தான் உதவியது.

முறையாகப் போயிருந்தால் ஒப்பந்தம் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏறியிருக்கும், பத்து லட்ச ரூபாய் காப்பீடு இருந்திருக்கும். பதிவு பெற்ற ஏஜென்ட் அரசிடம் வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார், தொழிலாளியை ஊர் கொண்டுவரும் செலவை அதிலிருந்து எடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அவர் வாங்கக்கூடிய கட்டணமும் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. அந்த ஏஜென்டின் பதிவு எண்ணை அதே தளத்தில் இரண்டு நிமிடத்தில் பார்த்துவிடலாம். எண் கேட்டதும் கோபப்படுகிற ஏஜென்ட் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

படித்தவர்களும் தப்பவில்லை. 2022இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று நம்பிப்போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்களை நினைத்துப் பாருங்கள். பட்டதாரிக்கு ஈசிஆர் இல்லை, அதனால் இந்தச் சோதனையே கிடையாது. எனக்கு இது சட்டத்தின் பெரிய குறையாகவே படுகிறது.

கிளம்பும் முன் விசாவை ஒருமுறை நீங்களே படியுங்கள். விசிட் அல்லது டூரிஸ்ட் என்று இருந்தால் அது வேலை விசா இல்லை, “அங்கே போய் மாத்திக்கலாம்” என்று யார் சொன்னாலும் சரி. ஏஜென்ட் அழிக்கச் சொல்கிற மெசேஜை வீட்டில் யாருக்காவது அனுப்பி வையுங்கள், பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

அந்தக் கொத்தனார் வழக்கில் எங்களிடம் இருப்பது கூகுள் பேயில் போன 15,000 ரூபாய்க்கான ஒரு ஸ்கிரீன்ஷாட். மீதி எல்லாம் ரொக்கம்.